ஐந்தாம் படிவம் கேட்கும் கேள்வி

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனோடு வந்த விதிகளின் இறுதிப் பக்கங்களில் சில படிவங்கள் உண்டு. முதலாவது, குடும்ப வன்முறை அறிக்கை. இரண்டாவது, நீதிமன்றத்துக்கான மனு. இவ்விரண்டும் வழக்கறிஞர்கள் கைபட்டுப் பழகியவை. ஐந்தாம் படிவத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அதன் பெயர் பாதுகாப்புத் திட்டம்.

ஒரே ஓர் அட்டவணை, அதில் ஐந்து கட்டங்கள். என்ன வன்முறை நடந்தது என்பது முதல் கட்டம். அதனால் என்ன பாதிப்பு நேர்ந்தது என்பது இரண்டாவது. இனி என்ன நடந்துவிடுமோ என்று அந்தப் பெண் அஞ்சுகிறாள் என்பது மூன்றாவது. பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும் என்பது நான்காவது. நீதிமன்றத்திடம் எந்த உத்தரவைக் கேட்கிறாள் என்பது ஐந்தாவது. மூன்றாவது, நான்காவது கட்டங்களை, இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரோ காவல் துறையினரோ எழுதினால், அவளோடு கலந்து பேசி, அவள் சம்மதத்தோடுதான் எழுத வேண்டும் என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது.

இந்தச் சட்டத்தின் உயிர் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நடந்ததை விசாரிக்க ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள். எப்போது அடித்தான், எதற்கு அடித்தான், நீ என்ன சொன்னாய் என்று மாமியார் முதல் எழுத்தர் வரை கேட்கிறார்கள். "உனக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவன் செருப்பைக் கழற்றும் ஓசையிலேயே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடக் கூடியவள் அவள். பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் உயிரோடு இருப்பதற்கு அவள் கற்றுக்கொண்ட அறிவு அது.

நம் ஊரில் அவளுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா, பிள்ளைகளைப் பார்." மற்றொன்று, "இப்படியும் ஒருவனோடு வாழ வேண்டுமா? உடனே கிளம்பி வந்துவிடு." முதலாவது கொடுமை என்பதைப் பலரும் இன்று ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவது நல்ல மனதில் பிறப்பது. ஆனாலும் அதில் ஆபத்து இருக்கிறது. இரண்டுமே அந்த மூன்றாவது கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானதாகத் தெரிவித்தார்கள். நாடு முழுவதற்குமான விகிதம் 29. பெண் கல்விக்கும் பெண் வேலைவாய்ப்புக்கும் பெருமைப்படும் மாநிலம் தேசிய சராசரியைத் தாண்டி நிற்கிறது. அதே கணக்கெடுப்பில், வன்முறைக்கு உள்ளான இந்தியப் பெண்களில் எங்காவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதத்தினர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. ஆகவே ஒரு பெண் உங்களிடம் வந்து இதைச் சொல்கிறாள் என்றால், நீங்கள்தான் அவள் சொல்லும் முதல் ஆளாக இருக்கக்கூடும். அந்தப் பேச்சில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது மிகவும் முக்கியம்.

"ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய்?" என்ற கேள்விக்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: வெளியே வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடும் என்பது. பல நேரங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அடிப்பவனுக்கு அடி ஒரு கருவி. அவளைத் தன் கைக்குள் வைத்திருப்பதே அவனுக்கு வேண்டியது. குடியால்தான் அடிக்கிறான் என்பார்கள். அதே குடியோடு அவன் மேஸ்திரியை அடிப்பதில்லை, பஸ் நடத்துநரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, கதவைச் சாத்திவிட்டு, ரவிக்கைக்கு வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கிறான். அப்படிப்பட்டவன், பிடி நழுவுகிறது என்று உணரும் நாளில்தான் எந்த எல்லைக்கும் போகிறான். அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் துறைப் பேராசிரியர் தலைமையில் 11 நகரங்களில் நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருக்கும் துணையிடமிருந்து பிரியும் பெண்கள் கொலையாகும் அபாயம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு உயர்வதை அது காட்டியது. தெருவும் ஊரும் வேறு. அவன் மனம் வேலை செய்யும் விதம் நமக்கு அந்நியமானது அல்ல. "நீ போனால் உன்னையும் கொன்று, நானும் செத்துப்போவேன்" என்ற வசனத்தைக் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை. அரசு மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளில் "ஸ்டவ் வெடித்துவிட்டது" என்று எழுதப்பட்ட வாக்குமூலங்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அங்கே வேலை செய்த செவிலியர்களுக்குத் தெரியும்.

அதனால் வெளியேறுவது என்பது திட்டமிட்டுச் செய்ய வேண்டிய ஒன்று. ஆத்திரத்தில், அழுகையில், பாதி இரவில், வெறுங்கையோடு நடப்பதாக அது இருக்கக் கூடாது. வேறு வழியே இல்லாத இரவில் ஓடித்தான் ஆக வேண்டும். அந்த ஓட்டத்துக்கும் முன்பே வழி பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு நெருங்கிவிட்டது என்று எடைபோடச் சில அறிகுறிகள் உள்ளன. அடி முன்பைவிட அடிக்கடி விழுகிறதா, கடுமை கூடியிருக்கிறதா, கத்தியோ அரிவாளோ பெட்ரோலோ காட்டி மிரட்டினானா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, விருப்பமில்லாத உறவுக்கு வற்புறுத்துகிறானா, வேலைக்குப் போகும் இடம் வரை பின்தொடர்கிறானா, தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டுகிறானா என்பவை. இவற்றில் ஒன்றைத் தனியாக நிறுத்திச் சொல்ல வேண்டும். அது கழுத்தை நெரிப்பது.

கன்னத்தில் அறைந்ததைச் சொல்லும் பெண், கழுத்தைப் பிடித்ததைச் சொல்ல மறந்துவிடுவாள். சில வினாடிகளில் விட்டுவிட்டானே, தழும்பு கூட இல்லையே என்று அதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடுவாள். முன்பு ஒரு முறையாவது துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவன் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. வெளியே காயம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மிப்போவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊசி முனை போல் சிவப்புப் புள்ளிகள், அந்தச் சில நிமிடங்கள் நினைவில் இல்லாமல் போவது, அறியாமல் சிறுநீர் கழிந்துவிடுவது ஆகியவை உள்ளே நடந்ததைச் சொல்லும். கழுத்து இரத்தக் குழாயில் ஏற்பட்ட சேதத்தால் மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், "கழுத்தை நெரித்தான்" என்று அதே சொல்லில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "தள்ளிவிட்டதில் விழுந்தேன்" என்று சொன்னால் மருத்துவர் வேறு இடத்தைத் தேடுவார். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் இது பதிவாகும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாள் நாளை நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசும்.

இனி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். லைன் வீடு, ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு, ஒரே வாசல். மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை இரவுதான் அவளுக்குக் கண்டம். இப்போதைக்கு வெளியேற அவள் தயாராக இல்லை; பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்கிறாள். அவள் சொல்வதை மதிக்க வேண்டும். தங்கியிருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. சொல்லப்போனால் அவளுக்குத்தான் முதலில் தேவை.

வீட்டிலிருந்து தொடங்கலாம். அவன் குரல் உயரும்போது அவள் எங்கே நிற்கிறாள்? வழக்கமாகச் சமையல் தடுப்பில். அரிவாள்மனை, கொதிக்கும் எண்ணெய், அடுப்பு, சிலிண்டர் எல்லாம் அங்கேதான். இனிமேல் பேச்சு முற்றுகிறது என்று தெரிந்ததும் ஏதாவது சாக்கில் வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது பாதுகாப்பு போலத் தோன்றும். வேறு வழியில்லாத பொந்து அது. அரிவாள்மனையைச் சனிக்கிழமை மாலையே கட்டிலுக்கு அடியில் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிடலாம். தப்ப முடியாத அடி என்றால் மூலையில் சுருண்டு, தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம்: நடுவில் வந்து தடுக்கக் கூடாது. அப்பாவைப் பிடித்து இழுப்பது உன் வேலை இல்லை, தம்பியைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது வீட்டு அக்காவிடம் போவதுதான் உன் வேலை என்று மூத்தவளிடம் அமைதியான ஒரு நாளில் சொல்லி வைக்க வேண்டும். அந்த அக்காவிடமும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பிள்ளை காலி டம்ளரோடு வந்து ஒன்றும் பேசாமல் நின்றால், கேள்வி கேட்காமல் உள்ளே அழைத்துக்கொண்டு 112-க்கு அழைப்பது என்று ஓர் உடன்பாடு. டம்ளர் எதற்கு என்றால், வழியில் அவன் பார்த்துவிட்டாலும் சர்க்கரை வாங்கப் போனேன் என்று சொல்லலாம்.

கைபேசி இன்று இரட்டை முனைக் கத்தி. அவன் வாங்கிக் கொடுத்த கைபேசி, அவன் தொடங்கிய கூகுள் கணக்கு, அவனுக்குத் தெரிந்த கடவுச்சொல் என்றால், அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு பேசினாள், எதைத் தேடினாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து பார்த்தால் வேறு கருவியில் அவள் செய்திகள் திறந்திருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கண்காணிப்பைக் கண்டுபிடித்தவுடன் எல்லாவற்றையும் அணைத்துவிடக் கூடாது. திடீரென்று அவள் திரையிலிருந்து மறைந்தால் அவன் உஷாராகிவிடுவான். அந்தக் கைபேசியை வழக்கம் போலவே பயன்படுத்திக்கொண்டு, திட்டம் தொடர்பான பேச்சை மட்டும் வேறு கைபேசியில், கம்பெனியில் கூட வேலை செய்யும் தோழியுடையதிலோ பக்கத்து வீட்டிலோ வைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைப்பதும் அப்படித்தான். இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

அடுத்தது காகிதங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள், திருமணப் பதிவுச் சான்று அல்லது திருமணப் பத்திரிகையும் புகைப்படமும், நகைகள் அடகில் இருந்தால் அடகுச் சீட்டு. அசலை எடுத்தால் பீரோ காலியாவது தெரிந்துவிடும் என்றால், முதலில் நகல்களும் படங்களும் போதும். அவற்றைத் தாய் வீட்டில் வைக்க வேண்டாம். அவன் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். மாற்று உடை, பிள்ளைகளின் மருந்து, ஒரு சாவி, கொஞ்சம் பணம், ஒரு தாளில் எழுதிய நான்கைந்து எண்கள் ஆகியவற்றோடு ஒரு பை, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கலாம். எண்களைத் தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கைபேசியைப் பிடுங்கி உடைப்பதுதான் பல வீடுகளில் முதல் அடி.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிக் குறிப்புகள் இங்கேதான் மெலிந்துபோகின்றன. பெயருக்கு அவளுக்கு வங்கிக் கணக்கு இருக்கும். 2023 செப்டம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் அதில் வந்து சேரலாம். ஏ.டி.எம். அட்டை அவன் சட்டைப் பையில், கணக்கோடு இணைந்த கைபேசி எண் அவனுடையது. எனவே புதிய கணக்கு, வேறு வங்கியில், அவளுடைய எண்ணோடு என்பது முதல் படி. ஆதாரில் இருக்கும் கைபேசி எண்ணும் அவனுடையதாக இருந்தால், எந்த அரசுச் சேவையைக் கேட்டுப் போனாலும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) அவன் கைக்குத்தான் போகும். அதை மாற்றுவதையும் வெளியேறுவதற்கு முன்போ பின்போ எப்போது செய்வது என்று யோசித்தே செய்ய வேண்டும்.

பிறகு கடன். மகளிர் குழுக் கடனும் நுண்கடன் நிறுவனக் கடனும் அவள் பெயரில் இருக்கும். பணம் அவன் செலவழித்திருப்பான். அவள் ஊரைவிட்டுப் போனால் தவணை நாளில் குழுப் பெண்கள் அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள், அவளைத் தேடுவார்கள், எங்கே போனாள் என்று வாய்க்கு வாய் செய்தி பரவும். கடன் பாக்கி அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அவள் அறிவாள். "ஏன் இன்னும் போகவில்லை" என்ற கேள்விக்குப் பல பெண்களிடம் இருக்கும் உண்மையான பதில் இந்த வாராந்திரத் தவணைதான். பாதுகாப்புத் திட்டம் எழுதுபவர் நான்காவது கட்டத்தில் இதையும் எழுத வேண்டும்: எத்தனை தவணை பாக்கி, யாரிடம் பேசி அவகாசம் வாங்குவது, குழுத் தலைவி நம்பத்தக்கவரா.

வெளியேறும் நாளுக்கு வருவோம். அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். வழக்கம் போலக் கம்பெனிக்குக் கிளம்புவது போலவே கிளம்ப வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், கையில் காசில்லாத பெண்ணும் நகரைக் கடக்க முடியும். நான் போகிறேன் என்று அவனிடம் அறிவித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. நேர்மை என்ற பெயரில் சிலர் அப்படிச் செய்கிறார்கள். அந்த அறிவிப்புதான் மிக ஆபத்தான கணம். எங்கே போவது? மாவட்டங்களில் சகி என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இயங்குகின்றன. மருத்துவ உதவி, காவல் துறைத் தொடர்பு, சட்ட ஆலோசனை, மன ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதற்காக 2015-இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. நீண்ட நாள் தங்க வேறு இல்லங்கள் உண்டு. வளர்ந்த ஆண் பிள்ளைகளைப் பல இல்லங்கள் தாயோடு சேர்த்துக்கொள்வதில்லை. மகனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்கும் தாய்க்கு இந்தச் செய்தி அன்றைக்கு வாசலில் தெரியக் கூடாது. முன்பே கேட்டுத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தங்கும் இல்லங்களைப் பற்றி விதிகள் சொல்லும் இரண்டு விஷயங்கள் அவளுக்கு உயிர் காப்பவை. வன்முறை அறிக்கை பதிவாகவில்லை என்று காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது. அவள் கேட்டுக்கொண்டால், அவள் அங்கே இருப்பதை அவனுக்குத் தெரிவிக்கக் கூடாது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வர தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஊர் மாறிவிட்டாளே, வழக்குக்குத் திருப்பூர் வர வேண்டுமா? வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் மன்றத்திலேயே மனு போடலாம். ஆனால் மனுவில் எழுதும் முகவரி எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதை வழக்கறிஞரிடம் நினைவூட்ட வேண்டும்.

எல்லாப் பெண்களும் வெளியேறித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. இது பலருக்குத் தெரியாத பகுதி. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் கூட்டாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறது. 19-ஆம் பிரிவின்படி அவனை வீட்டைவிட்டு வெளியேறும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். மாமனார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தைத் தள்ளிவிட்டது. அடித்தவன் வீட்டில் இருக்க, அடிபட்டவள் பிள்ளைகளையும் பையையும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைய வேண்டும் என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். வெளியேற வேண்டியது யார் என்ற கேள்வியைக் கேட்கும் துணிவு அந்தச் சட்டத்துக்கு இருந்திருக்கிறது.

அவசரமென்றால் 23-ஆம் பிரிவின் கீழ், அவளுடைய பிரமாண வாக்குமூலத்தை வைத்தே, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு தரலாம். அவன் அவளை நெருங்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பதெல்லாம் பாதுகாப்பு உத்தரவில் சேரும். சீதனமும் நகையும் திரும்பக் கிடைக்கவும் உத்தரவு கேட்கலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் குற்றத்துக்கு ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அவள் ஒருத்தியின் சாட்சியத்தை வைத்தே தண்டனை வழங்க இயலும். மனுவைப் பொதுவாக 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாகப் போகும். அதனால்தான் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்பது அவ்வளவு அவசியம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்றால், வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண் வழியாக அணுகலாம். மனைவி மட்டுமல்ல, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவள், தாய், சகோதரி, மகள் என எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்ற வீட்டிலேயே பூட்டிவைக்கப்படும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

காவல் நிலையத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? நாட்டிலேயே முன்னோடியாக அனைத்து மகளிர் காவல் நிலையங்களை 1992 முதல் பரவலாகத் திறந்த மாநிலம் இது. அதனால் பயன் கண்டவர்கள் நிறைய. அதே நேரத்தில், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று அவனிடமும் "இனிமேல் எதிர்த்துப் பேச மாட்டேன்" என்று அவளிடமும் எழுதி வாங்கி, இருவரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பிவைக்கும் பழக்கம் பல இடங்களில் வேரோடிப்போயிருக்கிறது. அடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்ணும் தன் பயத்தைச் சொல்ல மாட்டாள். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனைக்கே விதிகள் ஒரு வரம்பு வகுத்திருக்கின்றன: வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே அதன் நோக்கம், அடித்ததற்கு அவன் நியாயம் கற்பிக்க அங்கே அனுமதி கிடையாது. "அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்" என்று அவன் தொடங்கும்போதே நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருள். காவல் நிலையத்தில் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வரக் கூடாது. அன்றிரவு எங்கே தூங்கப்போகிறாள் என்பதை முடிவு செய்துகொண்ட பிறகே புகார் கொடுக்கப் போக வேண்டும். புகார் கொடுத்துவிட்டு அதே வீட்டுக்குத் திரும்புவது, நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் படுப்பது போலாகும்.

பாதுகாப்பு அலுவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாம் படிவத்தை எழுத வேண்டியவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அவர்களைக் காணலாம். ஒரு மாவட்டத்தின் அத்தனை வீடுகளையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் ஒவ்வொரு பெண்ணோடும் உட்கார்ந்து அவள் அச்சத்தைக் கேட்டு எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், மாவட்ட, வட்ட அளவில் அலுவலர்களைப் பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. வட்டத்துக்கு ஒருவர் வந்தால், ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க முடியும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் போராட வேண்டியிருக்கிறது.

பிரிந்து ஆறு மாதம் ஆனது என்பதால் திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட முடியாது. வாய்தா நாள், பிள்ளையை அப்பாவிடம் காட்டும் ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டுக் கல்யாணம், ஊர்த் திருவிழா, அவள் சம்பளம் வாங்கும் நாள் ஆகியவை எல்லாம் அவன் அவளைக் காணக்கூடிய இடமும் நேரமும் முன்கூட்டியே அறிந்த நாட்கள். நீதிமன்றத்துக்குத் துணையோடு போவது, அவன் கிளம்பிப் போன பிறகு வேறு வாசல் வழியாகக் கிளம்புவது, பிள்ளையைப் பொது இடத்தில் மற்றொருவர் மூலம் ஒப்படைப்பது, பள்ளியில் யார் வந்து கேட்டாலும் தாயைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து உத்தரவின் நகலை இணைப்பது எல்லாம் இதில் சேரும். பாதுகாப்பு உத்தரவின் நகல் அவள் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்க வேண்டும். நகலை நீதிமன்றம் இலவசமாகவே தர வேண்டும். ரோந்து வரும் காவலருக்கு அந்தத் தாளைக் காட்டினால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.

அவள் திரும்பிப் போய்விடலாம். பலர் போகிறார்கள், சிலர் பல முறை போகிறார்கள். பிள்ளையின் காய்ச்சலோ, அவனுடைய கண்ணீரோ, அண்ணி முகத்தில் தெரிந்த சலிப்போ காரணமாக இருக்கலாம். அப்போது உதவியவர்களுக்குக் கோபம் வரும். இவளுக்காக எவ்வளவு அலைந்தோம் என்று தோன்றும். அந்தக் கோபத்தை அவளிடம் காட்டினால், அடுத்த முறை அவள் உங்களை அழைக்க மாட்டாள். அடுத்த முறைதான் கழுத்தில் கை வைக்கும் முறையாக இருக்கலாம். தோழியோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும், "உனக்கு எப்போது வேண்டுமோ அப்போது வா" என்பதைத் திரும்பிப் போகும் நாளிலும் சொல்லுங்கள். பையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். அவளை நீங்களாக அழைக்க வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாருடைய கைபேசியில் பேசலாம் என்று அவளிடமே கேட்டு, அந்த நேரத்தில் உங்கள் கைபேசியைக் கையிலேயே வைத்திருங்கள்.